வந்த பிறகு சொல்லலாம்

அம்மாவின் வலது கண்ணுக்குள் அப்போது வாயு இருந்தது. விழித்திரை விலகிவிட்டதென்று சத்திரசிகிச்சை செய்து, ஒட்டிய இடம் அசையாமல் இருப்பதற்காக உள்ளே ஒரு குமிழியை விட்டிருந்தார்கள். அது கரைந்து முடியும்வரை விமானத்தில் ஏறவே கூடாது, ஏறினால் கண் போய்விடும் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் ஒரு கடதாசியில் எழுதியும் தந்தார். அதனால்தான் ரொறன்ரோவிலிருந்து நியூயோர்க்குக்கு, ஒன்றரை மணித்தியாலத்தில் பறந்து போகிற தூரத்துக்கு, காலையில் ஏறி இரவில் இறங்குகிற ரயிலை நாங்கள் பிடிக்க வேண்டி வந்தது.

நியூயோர்க்கில் பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவின் ஒரே அக்கா. மூன்று கிழமையாக இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒரே ஆசைதான்: கண் திறந்து பார்க்கிற நிலையில் அக்காவை ஒருக்கால் காண வேண்டும். எப்போது திரும்புவோம் என்று தெரியாததால் வெள்ளிக்கிழமைக்கு ஒருவழி ரிக்கற் எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நான் மிசிசாகாவில் வேலையில் இருந்தபோது, பெரியம்மாவின் மகன் போன் எடுத்தார். எனக்கு அண்ணா முறை.

"தங்கச்சி, அம்மா போட்டா. ஒரு அரை மணித்தியாலம் இருக்கும்."

அவரே தொடர்ந்தார். "சித்திக்கு இப்ப சொல்லாதை. ஒரு நாள் முழுக்க ரெயினில இருக்கப்போறா. உனக்குத் தெரியுந்தானே அவவின்ரை ஹார்ட்டை. வந்த பிறகு சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறம்."

"ஓம் அண்ணா," என்றேன்.

அந்த "ஓம்" எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. எங்கள் ஆட்களின் இந்தப் பழக்கத்தை நானே எத்தனை தரம் நக்கலடித்திருக்கிறேன். செத்த வீட்டுக்குக் கூப்பிடுகிறபோது யாரும் செத்தவரைச் செத்துவிட்டார் என்று சொல்வதில்லை. "கொஞ்சம் சீரியஸ், உடனே வாங்கோ" என்பார்கள். வருகிறவர் வாசலில் செருப்புக் குவியலைக் கண்டு தானாக விளங்கிக்கொள்ள வேண்டும். அப்பா போனபோது அவருடைய தங்கையான மாமிக்கு இப்படித்தான் சொல்லிக் கூப்பிட்டோம். அவர் அப்பாவுக்கென்று ஒரு பைக்கற் தோடம்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். இனிமேல் எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று அன்றைக்குக் கத்தினவள் நான்தான்.

பின்னேரம் யூனியன்வில்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா உடுத்து, தலை சீவி, வாசலிலேயே ஒரு பையோடு நின்றார். பைக்குள் தேங்காயும் வாழைப்பழமும் இருந்தன.

"றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. அக்காவின்ரை பேருக்கு ஒரு அர்ச்சனை செய்விச்சுக்கொண்டு போவம்."

எங்கள் வழக்கத்தில் இரத்த உறவில் ஒருவர் இறந்துவிட்டால் துடக்கு. துடக்கு முடியும்வரை கோயில் வாசலை மிதிப்பதில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. அம்மாவுக்கு அது மூச்சு மாதிரி. தலையிடி என்றேன், நாளைக்கு வெள்ளென எழும்ப வேண்டும் என்றேன், பேவியூ வீதியில் இந்த நேரம் சரியான ட்ரபிக் என்றேன். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். சொல்வதானால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் காரைத் திறந்தேன்.

ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். அம்மா சொல்லிவிட்டு, "சுகம் வரவேணும் எண்டு வேண்டிச் செய்யுங்கோ ஐயா" என்று சேர்த்துச் சொன்னார். கண்ணில் இருந்த பழுதால் அம்மாவுக்குத் தூரம் மட்டிட முடியாது, நீட்டின இடத்தில் தட்டு போகாது. அதனால் தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயர் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் மந்திரம் சொன்னார். நான் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பொய்யைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாவற்றையும் செய்தேன். "அங்காலை உங்கடை போன் வேலை செய்யாது" என்று அம்மாவின் போனை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். துக்கம் விசாரிக்கிறவர்கள் எடுப்பார்கள் என்று வீட்டுப் போனின் வயரை இழுத்துவிட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள், "அம்மா, திஸ் இஸ் நொட் ரைட். அவவின்ரை ஓன் சிஸ்டர்" என்றாள். "நீ வாயை மூடிக்கொண்டு இரு" என்றேன். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவரின் அலுமாரியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து என் சூட்கேசின் அடியில், என்னுடைய உடுப்புகளுக்குக் கீழே வைத்தேன். அப்பாவின் செத்த வீட்டில் உடுத்தது. செத்த வீட்டுக்கு என்று அம்மாவிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் எங்களை யூனியன் ஸ்ரேசனில் இறக்கிவிட்டார். அம்மா மாம்பழ நிறச் சேலை கட்டி, அப்பா இருந்தபோது பெரிய குங்குமப் பொட்டு வைத்த இடத்தில் கோயில் விபூதியைப் பூசியிருந்தார். மடியில் ஒரு பை. அதற்குள் அர்ச்சனைப் பிரசாதம்: பாதித் தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை, பூ, விபூதிப் பொட்டலம். அக்காவின் கையில் தானே கொடுக்க வேண்டும் என்று அதை என்னிடம் தரவில்லை.

ஏரிக்கரையோடு ரயில் போகத் தொடங்கியதும் எல்லையில் சொல்ல வேண்டிய பதிலை அம்மா பாடமாக்கத் தொடங்கினார். அது அவரின் பழைய பழக்கம். ஊரில் சோதனைச் சாவடிக்குக் கிட்ட பஸ் போகிறபோதே எங்கே போகிறோம், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவோம் என்று எங்கள் எல்லோரையும் ஒரே பதிலைச் சொல்லப் பழக்குவார். ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொன்னால் அவ்வளவுதான் என்பது அவருக்கு அங்கே பட்டுத் தெரிந்தது.

"விசிற்றிங் மை சிஸ்ரர், சேர். சீ இஸ் சிக். வன் வீக், சேர். தாங்க் யூ, சேர்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் இதைத்தான் சொல்ல வேணும். மாத்திக் கீத்திச் சொல்லிப்போடாதை" என்றார்.

"கேட்டால் நான் சொல்லுறன் அம்மா. நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

"ஏன், எனக்குத் தெரியாதோ?"

இந்தப் பாதையில் அதற்கு முன் இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் அதே அண்ணாவின் கல்யாணத்துக்கு. கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு எல்லை அதிகாரி ஒருவர் என்னை நாற்பது நிமிடம் ஒரு கதிரையில் இருத்தி வைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை, பிறகு போகச் சொன்னார். மற்றத் தரம் திரும்பி வருகிறபோது, பெரியம்மா கட்டித் தந்த கருவாட்டுப் பார்சலைத் திறந்த கனடாப் பக்கத்து அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, வேகமாகப் போ போ என்று கையைக் காட்டினார். அந்தக் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னபோது அவர் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு ரயிலில் அது ஞாபகம் வந்தபோது என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. "என்ன?" என்று அம்மா கேட்டார். பசிக்கிறது என்றேன்.

கரையோரத் தோட்டங்கள் எல்லாம் தாண்டி, நயாகராவில் ஒன்ராறியோப் பக்கத்து ஸ்ரேசனில் ரயில் நின்றது. அதற்குப் பிறகு ஊர்ந்துதான் போனது. யாரும் இருக்கையை விட்டு எழும்பக்கூடாது, கழிவறையைப் பாவிக்கக்கூடாது என்று அறிவித்தார்கள். அம்மா காலையில் ஹார்ட்டுக்கு விழுங்குகிற குளிசை அடிக்கடி சலம் போக வைக்கும். நாட்டைத் தாண்டுகிற பாலத்தின் நடுவில், கீழே பச்சையாக ஆறு சுழித்துக்கொண்டு போக, ரயில் நின்றுவிட்டது. இருபது நிமிடம் அம்மா இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு இருந்தார். நான் ஒரு உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முடியாது, இது நான் தீர்மானிக்கிற விஷயமில்லை என்று அவர் மரியாதையாகச் சொன்னார். அம்மா என் கையைத் தட்டி, "விடு, விடு. சண்டைக்குப் போகாதை. போய்ச் சேரவேணும்" என்றார்.

அந்தப் பக்கத்து ஸ்ரேசனில் எல்லோரையும் பெட்டி படுக்கையோடு இறங்கச் சொன்னார்கள். வரிசையில் நின்றோம். கழிவறை, சோதனை முடிந்து வெளியே போகிற வாசலுக்கு அங்கால்தான் இருக்கிறதாம்.

எங்கள் முறை வந்தது. இளம் அதிகாரி, நல்ல முகம், சவரம் செய்த வாடை. கடவுச்சீட்டுகளைப் பார்த்துவிட்டு, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல் அம்மா ஒரு அடி முன்னால் போய்த் தன் பாடத்தை ஒப்புவித்தார். அக்காவைப் பார்க்க. சுகமில்லை. ஆஸ்பத்திரியில். ஒரு கிழமை.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களும் ஒரு கிழமையா?"

"சரியாகத் தெரியாது. கொஞ்சம் கூட இருக்கலாம்."

"திரும்பி வருகிற ரிக்கற்?"

"இன்னும் எடுக்கவில்லை."

அவர் ஒரு துண்டில் எதையோ எழுதி, பக்கத்து மேசைக்குப் போகச் சொன்னார். அங்கே வேறொருவர், வயதானவர், கையுறை போட்டுக்கொண்டு நின்றார். எங்களைப் பார்க்க யார் வருவார்கள், பேர் என்ன, போன் நம்பர் என்ன என்று கேட்டார். அண்ணாவின் நம்பரைக் கொடுத்தேன். அதைவிட வேறு நம்பர் என்னிடம் இருக்கவில்லை. முதலில் கண்ட இளம் அதிகாரி அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

முதலில் அம்மாவின் பையைத் திறந்தார்கள். தேங்காய் வெளியே வந்தது. வாழைப்பழமும் வெற்றிலையும் பூவும் வந்தன. பழம், இலை, பூ ஒன்றும் கொண்டுபோக முடியாது என்றார் அவர். விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன பவுடர் என்று கேட்டார்.

"ஹோலி ஆஷ், சேர். ஃபோர் மை சிஸ்ரர்," என்றார் அம்மா. பிறகு என்னிடம், "வாழைப்பழத்தை எடுத்தால் எடுக்கட்டும். விபூதியை மட்டும் தரச்சொல்லு. அக்காவுக்குப் பூசவேணும்" என்று கெஞ்சினார்.

அவர் விபூதியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு என் சூட்கேசை இழுத்தார். அப்போதுதான் எனக்குச் சேலை ஞாபகம் வந்தது.

நிறுத்துங்கள் என்று சொல்ல முடியுமா அந்த இடத்தில்? அதற்குள் கடத்தல் சாமான் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திராது. "சேர், ஒரு நிமிடம் தனியாகக் கதைக்கலாமா?" என்று கேட்டேன். கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் அம்மணி என்றார். என் மேற்சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கம்பளிச் சட்டையை உதறினார். அடியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து, உள்ளே ஏதும் சுற்றியிருக்கிறதா என்று மடிப்பைக் குலைத்து, நீளத்துக்குத் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். அது போய்ப் பாதித் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் பக்கத்தில் விழுந்தது.

அம்மா நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தன்னுடைய சேலை என் பெட்டிக்குள் என்ன செய்கிறது என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இளம் அதிகாரி உள்ளறையிலிருந்து வந்தார். அவருடைய முகம் மாறியிருந்தது. மேசைக்கு வந்து எங்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரி, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். நீங்கள் தந்த நம்பரில் கதைத்தவர் ஞாயிற்றுக்கிழமை ஃபியூனரல் என்கிறார். இதில் எது உண்மை?"

அம்மா இருபது வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். ஃபியூனரல் என்ற சொல்லை நான் அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொல்லக்கூடாது என்று காலையிலிருந்து என்னைப் பழக்கினவரும் அவர்தான்.

பதில் சொல்லாமல் இருக்க ஒரு வழியும் இல்லை. பொய் சொன்னால் அம்மாவுக்குச் செத்த வீடும் இல்லை, முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் இல்லை, அடுத்த ரயிலில் திருப்பி அனுப்புவார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அந்த அதிகாரியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஃபியூனரல், சேர். அவர் நேற்றுக் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை."

வயதானவர் கையுறையைக் கழற்றினார். இளம் அதிகாரி காது வரைக்கும் சிவந்துபோய், அம்மாவின் பக்கம் திரும்பி, உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன் என்றார். நல்ல பெடியன். அவன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

"தாங்க் யூ, சேர்," என்றார் அம்மா. காலையில் பாடமாக்கின அதே குரலில், அதே தலையாட்டலோடு.

பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் தோளைப் பிடிக்கப் போனேன். என் கையை எடுத்து ஒதுக்கிவிட்டு, கழிவறை எங்கே என்று அவர்களிடமே கேட்டார். வயதானவர் தானே கூட்டிக்கொண்டு போய் வாசலைக் காட்டினார். நான் மேசையில் கிடந்தவற்றைச் சூட்கேசுக்குள் அள்ளித் திணித்தேன். வாழைப்பழமும் தேங்காயும் பூவும் ஒரு மஞ்சள் தொட்டிக்குள் போயின. விபூதிப் பொட்டலத்தை மட்டும் மடித்து என் கையில் தந்தார்கள்.

ரயில் மறுபடி புறப்பட ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் ஜன்னல் பக்கமாக. மார்பு நோகிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அண்ணாவின் நம்பரை எடுத்துத் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"சேலையை எடு," என்றார் திடீரென்று. "அவன் கசக்கிப்போட்டான்."

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தலைப்பைத் தடவிக் கண்டுபிடித்து, கரையோடு கரை சேர்த்து, பார்வை சரியில்லாத கண்ணோடு மெல்ல மெல்ல மடித்தார். ஒரு தரம் கோணியது, குலைத்து மறுபடி மடித்தார். உதவப் போனேன், விடவில்லை. பஃபலோ தாண்டும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

மடித்து முடித்து, சேலையின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாங்கள் நேற்றுப் பின்னேரம் கோயிலுக்குப் போகேக்கை அக்கா இருந்தவவோ?"

இங்கே அதிகாரி யாரும் இல்லை. ஒத்துப்பார்க்க இன்னொருவருடைய பதிலும் இல்லை. ஓம், இருந்தவ, இரவுதான் போனவ என்று சொல்லியிருக்கலாம். அண்ணாவுக்கு ஒரு செய்தி அனுப்பி அதையே சொல்ல வைத்திருக்கலாம். ஆனால் அம்மாவின் நெற்றியில் அந்த விபூதி இன்னும் இருந்தது.

"இல்லையம்மா. காலமையே போட்டா."

அம்மா கட்டியிருந்த சேலையின் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்து, போதவில்லை என்று மறுபடி அழுத்தித் துடைத்தார்.

"நீதானே தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி," என்றார்.

நியூயோர்க்குக்கு இன்னும் எட்டு மணித்தியாலம் இருந்தது.